சேலத்துக்கு எம்டிபியோடு வருகிறேன், எங்கே ஓட்டலாம்?

2025 ஜனவரி 3, வாசகர் கேள்வி

பிப்ரவரி தொடக்கத்தில் மச்சினன் கல்யாணம் சேலத்தில். பெங்களூரிலிருந்து காரில் வருகிறேன், ஹார்டெயில் எம்டிபி (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்) ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு. மண்டப வேலைக்கு நடுவே இரண்டு காலைகள் கிடைக்கும். சேலத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ‘ஏற்காடு ரோட்டில் ஏறி இறங்கு, வேறு ஒன்றும் கிடையாது’ என்கிறார்கள். ஆனால் மொபைல் வரைபடத்தில் கன்னங்குறிச்சிப் பக்கத்திலிருந்து மலை மேல் வரை ஒரு புள்ளிக்கோடு போகிறது. அதில் இறங்கலாமா?

ஜனவரி 3, இரவு

அந்தப் புள்ளிக்கோட்டில் இறங்காதீர்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வது பாதி சரி. சைக்கிளுக்கென்று வெட்டி, பலகை வைத்துப் பராமரிக்கும் தடம் சேலத்திலும் இல்லை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் இல்லை. ஓட்ட இடமே இல்லை என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புள்ளிக்கோட்டுக்கு வருகிறேன். மலையின் சரிவு பெரும்பாலும் காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போன கூட்டம் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. வாட்ச்சர் கண்ணில் பட்டால் அபராதத்தோடு விட்டால் பெரிய விஷயம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா ரேஞ்ச் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார் என்று செய்தி போனால் நன்றாகவா இருக்கும்?

ஜனவரி 4

நேற்று அவசரமாக எழுதினேன், இன்று கொஞ்சம் விரிவாக.

இந்த மலையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஊர் சுமார் 1,500. சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,623. நடுவில் இருக்கும் செங்குத்துச் சரிவுதான் காடு. மேலே ஏறிவிட்டால் கிட்டத்தட்ட சமமான, ஏறி இறங்கும் ஒரு மேட்டுநிலம். அங்கே காப்பி எஸ்டேட்டுகளும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் கலந்து கிடக்கின்றன. நாகலூர், கொட்டச்சேடு, மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த ஊர்களை இணைக்கும் மண்பாதைகளில்தான் எம்டிபிக்கு வேலை இருக்கிறது. ஊர் நடக்கிற பாதை என்றால் பயமில்லை. எஸ்டேட் பாதை என்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே கீழிருந்து மேலே தடம் தேடாதீர்கள். காரிலேயே மேலே போய்விட்டு அங்கே தேடுங்கள்.

எப்படித் தேடுவது? செயற்கைக்கோள் படத்தை விட எனக்கு உதவியது டிவிஎஸ் எக்ஸ்எல். நகைச்சுவை இல்லை, நிஜமாகத்தான். காப்பி மூட்டையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு எக்ஸ்எல் ஓட்டிப் போகிற மனிதரைப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்குகிறாரோ அங்கே ஒரு பாதை இருக்கிறது. மூட்டையோடு அந்த வண்டி ஏறும் என்றால் ஏற்றம் உங்கள் சின்ன கியருக்கு அடங்கும். இறங்கும் என்றால் நடுவில் பள்ளம், படிக்கட்டு எதுவும் இல்லை. மண்ணில் அந்த மெல்லிய டயர்த் தடம் ஒற்றைக் கோடாகத் தெரியும். அது அழுந்தி, ஓரத்துப் புல் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் தினமும் ஆள் போகிற வழி. தடத்தின் நடுவே புல் முளைத்திருந்தால் அந்தப் பக்கம் யாரோ கேட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜனவரி 4, மறுபடியும்

ஸ்ட்ராவா ஆப்பின் ஹீட்மேப் (ஆட்கள் அதிகம் போகும் பாதை பளிச்சென்று தெரியும் வரைபடம்) பார்த்தால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பாருங்கள், தப்பில்லை. ஆனால் சேலத்தில் பளிச்சென்று எரியும் கோடெல்லாம் ரோடு பைக் (தார்ச்சாலைச் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுடையது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் தங்கம் போல மின்னும். உங்களுக்கு வேண்டியது மங்கலான கோடு. அந்த மங்கலான கோட்டிலும் பாதி, மோட்டார் பைக்கில் போகும்போது ஆப்பை அணைக்க மறந்தவர்களுடையது. வேகத்தைப் பார்த்தாலே தெரியும். மஞ்சக்குட்டை ஏற்றத்தில் மணிக்கு 38 கிலோமீட்டர் போகிறவர் சைக்கிளில் போகவில்லை.

ஜனவரி 6

சைக்கிள் கடையில் விசாரிப்பது பற்றி.

வெளியூருக்குப் போனால் முதலில் அங்குள்ள சைக்கிள் கடைக்குப் போ என்று எல்லாரும் சொல்வார்கள். போங்கள். ஆனால் ‘டிரெயில் எங்கே இருக்கு’ என்று கேட்டால் மரியாதைக்கு ஏற்காடு ரோட்டைத்தான் கை காட்டுவார்கள். ‘முள் பஞ்சரோட எந்தப் பக்கம் போன பசங்க வர்றாங்க’ என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம், கஞ்சமலைப் பக்கம் என்று பட்டியல் வரும். பையன்கள் மண்ணில் ஓட்டுகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பனமரத்துப்பட்டி ஏரிக்குள் மட்டும் ஆசைப்பட்டு இறங்காதீர்கள். படுகையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஏரி அது. அந்த முள் டயரின் ஓரச்சுவரைக் கூடத் துளைக்கும். டியூப்லெஸ் டயரும் அதற்குள் ஊற்றும் சீலண்டும் (ஓட்டையை அடைக்கும் திரவம்) இருந்தால் ஒன்றிரண்டு முள்ளைத் தாங்கும். டியூப் போட்டவர்கள் பேட்ச் டப்பாவை முழுதாக எடுத்து வாருங்கள். முள் குத்தியதும் பிடுங்காதீர்கள், குத்தியபடியே வீடு வரை ஓட்டுவதுதான் பல சமயம் புத்திசாலித்தனம். முள்ளே அடைப்பானாக நின்றுகொள்ளும்.

ஜனவரி 9

மலைக்கு மேலே போக நேரமில்லாத காலைக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: கஞ்சமலை.

நகரத்திலிருந்து மேற்கே, உருக்காலைப் பக்கம். அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிறவர்களும் உண்டு. அந்த இரண்டு நாளையும் நாள்காட்டியில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். மலை காப்புக்காடு, ஏறக் கூடாது. சுற்றியிருக்கும் தோட்டத்து வண்டிப்பாதைகளும் ஆட்டுத் தடங்களும் போதும். இது இரும்புத்தாது மலை. கால் படுகிற கல் கருப்பும் சிவப்புமாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். உடைந்த இடம் கூராக இருக்கும், காற்று குறைவாக இருந்தால் ரிம் அடிபட்டு, டியூபில் இரட்டை ஓட்டை விழும் ‘பாம்புக்கடி’ பஞ்சர் நிச்சயம்.

ஒரு தடவை அங்கே வளைவில் வேகமாகத் திரும்பினேன், எதிரே ஆட்டு மந்தை. ஓட்டிக்கொண்டு வந்த அம்மா கம்பைக் குறுக்கே நீட்டி, “சாமி, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ. குட்டி மெரண்டு ஓடுனா நீயா தேடிப் புடிச்சுக் குடுப்ப?” என்றார். தள்ளினேன். தள்ளிக்கொண்டே, இந்தத் தடம் எங்கே போய் முடியும் என்று கேட்டேன். எந்த இடத்தில் கிணறு, எந்த இடத்தில் வேலி, எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா குரைக்கும் வரை சொன்னார். எந்த வரைபடத்திலும் நாய் பற்றிய விவரம் நான் பார்த்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன். வெளியூரில் தடம் தேடுவது என்றால் அந்தத் தடத்தில் தினமும் நடக்கிற ஆளைத் தேடுவது. ஆள் கிடைத்தால் தடமும் கிடைக்கும், அனுமதியும் கிடைக்கும்.

ஜனவரி 10

வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் ‘நிலா மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர் படம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது மேக்னசைட் வெட்டிய நிலம், குத்தகை இடம், விளிம்பு கால் பட்டால் சரியும். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12

எஸ்டேட் பாதை. கேட்டவர் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஓட்டம் இங்கேதான்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டு வந்ததிலிருந்து, இந்த மேட்டுநிலத்தின் பாதைகள் காப்பிக்காகவே போடப்பட்டவை. மூட்டை தூக்கிய ஆளும் கழுதையும் போவதற்கென்று, ஏற்றத்தைக் குறுக்கே வெட்டாமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். சைக்கிளுக்கு அதைவிட நல்ல வளைவு யாரும் திட்டம் போட்டு வெட்டித் தர முடியாது. மேலே சில்வர் ஓக் நிழல், அதில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி இரண்டு பக்கமும் தோளில் உரசும்.

தரை ரகத்துக்கு ரகம். சார்னோக்கைட் பாறை வெளியே தெரியும் இடங்களில் காய்ந்திருந்தால் டயர் ஒட்டிக்கொண்டு போகும், பாசி பிடித்திருந்தால் சறுக்கும். உச்சிப் பக்கம் செம்மண். பாக்சைட் தோண்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பியது இந்த மண்ணின் அடியிலிருந்துதான். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண்ணில் போனால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே களி அடைத்துச் சக்கரமே சுற்றாது. ஆனால் பெரிய தொல்லை சில்வர் ஓக் இலைதான். பாதை மேல் தடிமனாக விழுந்து கிடக்கும். அடியில் கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா, டிசம்பர் மழை அரித்த பள்ளம் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையிலேயே மண் சரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எஸ்டேட்டுக்குள் அரித்ததை யாரும் செய்தியில் போடவில்லை.

இப்போது பறிப்புக் காலம். பாதையில் கூடை, சாக்கு, ஏணி, மதியச் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் இருக்கும். பறிக்கும் பெண்கள் செடிக்குள் நிற்பதால் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பேச்சு கேட்டால் பிரேக்கில் விரலை வையுங்கள்.

யாரிடம் கேட்பது? முதலாளி சென்னையிலோ வேறு எங்கோ இருப்பார், அவரைத் தேடிப் பயனில்லை. மேஸ்திரி அல்லது கணக்குப் பார்க்கும் ரைட்டர். காலை ஏழரைக்கு ஆள் எண்ணும் இடத்தில் நின்றிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “அண்ணே, இந்த வழியா அந்தப் பக்கம் ரோட்டுக்குப் போயிடலாமுங்களா?” என்று கேளுங்கள். ‘ரைடு பண்ணலாமா’ என்று கேட்டால் பத்துப் பேர் பட்டாளமாக வருவதாக நினைத்து வேண்டாம் என்பார்.

ஜனவரி 12, இரவு

‘அட்வென்ச்சர் சைக்கிள் டிரெயில் வசதி உண்டு’ என்று விளம்பரம் போடும் தங்குமிடங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லாரையும் சொல்ல முடியாது. நான் தங்கிய ஒரு ரிசார்ட்டில் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, நீச்சல் குளத்தைச் சுற்றி சிமென்ட் நடைபாதையைக் காட்டினார்கள். குறுக்கே ஒரு மரப்பலகை, அதுதான் அட்வென்ச்சர். பணம் கட்டுவதற்கு முன் தடத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

ஜனவரி 13

பொங்கல் விடுமுறை முடியும் வரை ஏற்காட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட இடம் இருக்காது.

ஜனவரி 19

தார்ச்சாலையை மட்டமாகப் பேசிவிட்டீர்கள் என்று ரோடு பைக் நண்பர் கோபித்துக்கொண்டார். நியாயம். யோசித்துப் பார்த்தால் குப்பனூர் வழிச் சாலையை நான் இதுவரை சொல்லவே இல்லை. அயோத்தியாப்பட்டினத்தில் திரும்பி, குப்பனூர் செக்போஸ்ட், கொட்டச்சேடு வழியாக மேலே போகும். அடிவாரம் வழியை விட வண்டி குறைவு. விடியற்காலையில் அந்த ஏற்றம் மட்டுமே ஒரு காலைக்குப் போதுமான சோறு. மேலே போனால் ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கிலோமீட்டர் லூப் ரோடும் இருக்கிறது. அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, எக்ஸ்எல் இறங்கும் இடங்களில் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. 1,200 மீட்டர் ஒரே மூச்சில் இறங்குகிறீர்கள். பயத்தில் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே இறங்குகிறவர்கள்தான் டிஸ்க்கைப் பழுக்க வைக்கிறார்கள். கருகல் வாடை வந்தால் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள், அடுத்த வளைவில் லீவரை அழுத்தினாலும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைந்ததும் முழுதாக விடுங்கள், டிஸ்க் மூச்சு விடட்டும். நடுவில் ஒரு வியூ பாயின்டில் நின்று டீ குடித்தால் டிஸ்க்குக்கும் நல்லது. சூட்டோடு சூடாக டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும்.

காற்று: மேலே மண்ணில் 2.2 அங்குல டயருக்கு, 70 கிலோ ஆள் என்றால், டியூப்லெஸ்ஸில் 22 முதல் 26 பிஎஸ்ஐ. டியூப் என்றால் அஞ்சாறு கூட வையுங்கள். சின்ன பம்ப் கையில் இருக்கட்டும், தார்ச்சாலையில் இறங்கும் முன் ஏற்றிக்கொள்ளலாம்.

ஜனவரி 20

காட்டெருமை. ஆமாம், ஏற்காட்டில் இருக்கிறது, எஸ்டேட்டுக்குள்ளும் வரும், பனி மூடிய காலையில் ரோட்டோரத்திலும் நிற்கும். மணி அடிக்காதீர்கள், நடுவில் புகுந்து போகப் பார்க்காதீர்கள். தூரத்திலேயே நின்று, அது போகும் வரை காத்திருங்கள். தனியாக நிற்கிற கிடா என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். நான் ஒரு தடவை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த பால்காரர் டீயே குடித்து முடித்துவிட்டார்.

ஜனவரி 27

‘அனுமதியோடு காட்டுக்குள் போக வழியே இல்லையா’ என்று இன்னொருவர். இருக்கிறது, நடந்து போவதற்கு. 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். சேலம் மாவட்டத்திலும் தடம் உண்டு. சைக்கிளை ரூமில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலை ஊர்க்காரர்களே. ஒரு காலை அவர்களோடு நடந்தால், எது ஊர்ப்பாதை, எது காட்டுப்பாதை என்று கண் பழகிவிடும். அடுத்த தடவை சைக்கிளில் வரும்போது அது உதவும்.

பிப்ரவரி 9

கல்யாணத்துக்கு வந்தவர் தனியாக எழுதியிருந்தார். முதல் காலை மேளச் சத்தத்தில் எழுந்து, மாமனார் கொடுத்த வேலையில் மாட்டி, வெளியே வரவே முடியவில்லையாம். இரண்டாவது காலை நாகலூரில் காரை நிறுத்திவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து எக்ஸ்எல் பார்த்திருக்கிறார். மூன்றாவது எக்ஸ்எல் பின்னாலேயே போனால் அது அந்த மனிதருடைய வீட்டு வாசலில் முடிந்திருக்கிறது. அவரோ திட்டாமல், காப்பி கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். எஸ்டேட் வழியாக வளைந்து வளைந்து லூப் ரோட்டில் போய்ச் சேர்ந்ததாம். எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். வந்த ஒரே நாளில் சேலம்காரர் ஆகிவிட்டார்.

என் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்: எக்ஸ்எல் ஏறுகிற ஏற்றமெல்லாம் என்னால் ஏற முடியவில்லை. முன்னால் 32 பல் செயின்ரிங்கும் பின்னால் 42 பல் கடைசி கியரும் வைத்திருக்கிறாராம். சரி, மூட்டையோடு எக்ஸ்எல் திணறுகிற ஏற்றத்தில் 50 பல் இருந்தால்தான் உட்கார்ந்தபடி ஏறலாம். இல்லாதவர்கள் தள்ளலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

இறங்கி வந்து தட்டுவடை செட் சாப்பிட்டாரா என்று கேட்டேன். ஒரு கடையில் சாப்பிட்டு, இன்னொரு கடையில் பார்சல் வாங்கியிருக்கிறார். பார்சலில் கேரட்டும் பீட்ரூட்டும் ஊறித் தட்டுவடை நமுத்துப்போய்விட்டது என்று புகார் வேறு. தொப்பூர் தாண்டினால் அது அப்படித்தான்.

மார்ச் 16

வெயில் வந்துவிட்டது, சருகெல்லாம் காய்ந்து கிடக்கிறது. தீ பயம் உள்ள மாதங்களில் வனத்துறை நடைத் தடங்களையே மூடிவிடும். ஊர்ப்பாதையில் ஓட்டினாலும் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். காட்டோரம் புகை கண்டால் திரும்பிவிட்டு, பக்கத்து ஊரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

மே 4

சென்னையிலிருந்து கேட்பவருக்கு. மே மாதம் வேண்டாம் என்றே சொல்வேன். கோடை விழா நாட்களில் பெரும்பாலும் வண்டிகளை அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவார்கள். நீங்கள் நிம்மதியாக ஏறலாம் என்று நினைத்த குப்பனூர் சாலையில் எதிரே கார் வரிசை வந்துகொண்டே இருக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் இந்த மாதம்தான், மலை ஊர்க்காரர்கள் எல்லாரும் மேட்டில் இருப்பார்கள். அன்று அங்கே சைக்கிளோடு போய் நிற்பது அழகில்லை.

மழைக்காலம் முடிந்து, ஜனவரி கடைசியில் பறிப்பு ஓய்ந்ததும் வாருங்கள். ரயிலில் என்றால் சைக்கிளைப் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிவு செய்து, நீங்கள் போகும் வண்டியிலேயே ஏறுகிறதா என்று நேரில் நின்று பார்த்துவிடுங்கள். சேலம் ஜங்ஷனில் வண்டி நிற்பது சில நிமிஷம்தான், இறங்கியதும் பார்சல் வேன் பக்கம் ஓடுங்கள். பின்சக்கரத்து டீரெய்லியரை (கியர் மாற்றும் உறுப்பு) மட்டும் கழற்றி, துணி சுற்றி ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். மீன் பெட்டிக்கும் பூ மூட்டைக்கும் நடுவே எந்தப் பக்கம் சாய்த்து வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.